ஒயே மலை அரக்கன்

வஞ்சனையால் வென்றவனை வீரன் என்று கொள்ளலாமா? யப்பானியரின் ஒயே மலைக் கதையைப் படிக்குந்தோறும் இவ்வினா நம்மை வருத்துகின்றது.

கியோத்தோ நகரத்து உயர்குடிப் பெண்களைக் கவர்ந்து சென்ற அரக்கன் சுத்தென் தோஜி. அரச ஆணையேற்ற மினமோத்தோ ரைக்கோ, தன் வீரருடன் மலைத்துறவியர் வேடம் பூண்டு அவன் வாயிலில் இடங்கேட்கிறான். மதுவை ஊட்டி, உறங்கும்போது தலையைக் கொய்கிறான்.

இக்கதையைக் கூறும் ‘ஒயே மலை’ என்ற நோ நாடகத்தில் அரக்கனும் தன் வரலாற்றைச் சொல்கிறான். ஹியெய் மலையே அவனது பழைய உறைவிடம். சாய்ச்சோ என்னும் துறவி அங்கே 788-இல் கோயில் எழுப்பியபோது விரட்டப்பட்டு அலைந்தவன் அவன். துறவியர்மேல் கைவைப்பதில்லை என்று வாக்களித்திருந்தமையாலேயே கதவைத் திறந்தான். இத்தகைய வஞ்சம் அரக்கரிடம் இல்லையே என்று அவன் இறுதியில் இடித்துரைக்கிறான். படைத்தலைவர்களான ஷோகன்களின் ஆதரவில் வளர்ந்த அரங்கில் இக்குரல் ஒலித்தது என்பதுதான் வியப்பு!

ஆயினும், அரக்கனுக்காக நாம் அவசரப்பட்டுக் கண்ணீர் வடித்தலாகாது. பழைய கதைநூல்களில், ஆற்றங்கரையில் குருதி தோய்ந்த ஆடைகளை அலசும் சிறைப்பட்ட பெண்ணொருத்தி வருகிறாள். அவளது விடுதலைக்கு வேறு வழி இருந்ததா? இல்லையெனில் ரைக்கோவின் பொய்யை நாம் மன்னிக்கலாம். அரக்கன் நிலமிழந்த கதையை மறைத்துவிட்டு அவனைப் பிறவிக் கொடியவனாக்கும் பொய்யையோ மன்னிப்பதற்கில்லை.

கபுக்கி அரங்கு வஞ்சத்தை மறுபக்கம் ஏற்றியது. மொக்குவாமியின் ‘இபராக்கி’யில் (1883), வெட்டுண்ட தன் கையை மீட்க, வீரனின் அத்தையாக உருமாறி வருவது அரக்கியே.

அரக்கர் தீவை வென்ற மொமோத்தாரோ என்னும் சிறுவனின் கதைக்கும் இத்தகைய திருப்பங்கள் நேர்ந்தன. 1924-இல் அக்குத்தகாவா அவனைக் கொள்ளையனாகவும் அரக்கரை அமைதியான தீவுமக்களாகவும் எழுதினார். 1943-இல் வெளிவந்த கேலிச்சித்திரத் திரைப்படமோ பேர்ள் துறைமுகத்தையே அரக்கர் தீவாக்கிச் சிறுவர்களுக்குக் காட்டியது. அமெரிக்கரும் ஆங்கிலேயரும் அரக்கரெனத் தூற்றப்பட்ட காலம் அது.

அதே போரில், ஒயே மலைப் பகுதியின் நிக்கல் சுரங்கத்தில் ஆங்கிலேயப் போர்க்கைதிகளும், சீனாவிலிருந்து பலவந்தமாகக் கொண்டுவரப்பட்ட தொழிலாளரும் கனிமண் வெட்டினர். இன்று அம்மலையில் அரக்கர்களுக்கென ஓர் அருங்காட்சியகம் உண்டு. 1993-இல் திறக்கப்பட்டது.