அச்சத்தை முதலாக்குவோர்

பயப்படுவது பாவமா? பாவமன்று. சேசுநாதர் சுவாமியும் பூங்காவனத்தில் மனம் கலங்கினார். ஆனால் ஜனங்களின் பயத்தையே முதலாகப் போட்டு வியாபாரம் செய்வோர் உண்டு. அவர்கள் கையில் நம் பயத்தை ஒப்படைப்பதே ஆபத்து.

அந்த வியாபாரம் எங்கும் ஒரே விதமாகத்தான் நடக்கிறது. ஜனங்களுக்கு உண்மையாகவே உள்ள ஒரு கஷ்டத்தை முதலில் எடுத்துக்கொள்வார்கள். பிறகு, இதற்குக் காரணம் இன்ன இனத்தார், இன்ன மதத்தார் என்று விரல் நீட்டுவார்கள். கடைசியில், அதிகாரத்தை எங்களிடம் தாருங்கள், காப்பாற்றுகிறோம் என்பார்கள். வேலையில்லாத் திண்டாட்டத்தால் வாடிய ஜெர்மானியருக்கு ஹிட்லர் யூதரைச் சுட்டிக் காட்டினார். 1933-இல் பதவிக்கு வந்தார். இனத்தைத் தெய்வமாக்குவதைக் கண்டித்துப் பாப்பரசர் 11-ம் பத்திநாதர் எழுதிய நிருபம் 1937-ம் ஆண்டு குருத்து ஞாயிறன்று அந்நாட்டுக் கோயில்களில் வாசிக்கப்பட்டது.

இது சர்வாதிகார நாடுகளின் வியாதி மட்டுமன்று. ஓட்டுரிமையுள்ள அண்டை நாடாகிய இலங்கையைப் பாருங்கள். தங்கள் பாஷை அழிந்துபோகுமோ என்ற அச்சம் சிங்களவருக்கு இருந்தது. 24 மணி நேரத்தில் சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்குவதாகச் சொல்லி, 1956-இல் பண்டாரநாயக்கா பிரதமரானார். அவர் ஹிட்லரைப் போன்றவரல்லர். மறு வருஷமே தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகத்தோடு சமாதான ஒப்பந்தம் செய்தார். ஆனால் மூட்டிய நெருப்பு அவர் சொல்லுக்கு அடங்கவில்லை. எதிர்க்கட்சியாரும் அதில் குளிர்காய்ந்தார்கள். பிக்குகள் அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்து வற்புறுத்தவே, 1958 ஏப்ரலில் ஒப்பந்தத்தைக் கைவிட்டார். அடுத்த மாதமே கலகம் மூண்டு தமிழர் பலர் மாண்டனர். 1959 செப்டம்பரில் ஒரு பிக்கு அவரையே சுட்டுக் கொன்றார். அந்தச் சதிக்காகத் தண்டிக்கப்பட்ட புத்தரக்கித்த தேரர், 1956-இல் அவர் வெற்றிக்கு உழைத்தவர்! பின்பு வந்தது 1983 ஜூலை. அன்று முதல் ஓடிவந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் நம் மாநிலத்து முகாம்களில் இருக்கிறார்கள்.

அந்தத் தீவில் சிங்களக் கத்தோலிக்கரும் உண்டு, தமிழ்க் கத்தோலிக்கரும் உண்டு. ஒரே திவ்விய நற்கருணையை உட்கொள்ளும் அவர்களையும் பயம் பிரித்ததென்றால், ஞாயிறு பூசை கண்டால் போதுமென்று நாம் இருந்துவிடலாமா?

அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் வடக்கேயிருந்து வந்த தொழிலாளர் நமக்கு அண்டை வீட்டார். தமிழ்நாட்டில் அவர்கள் அடிக்கப்படுவதாக 2023 மார்ச்சில் பொய்ப் படங்கள் கைப்பேசிகளில் பரவி, அவர்களை நடுங்க வைத்தன. அவர்களுக்கு நம்மைப் பற்றிச் சொன்னது போலவே, நமக்கும் அவர்களைப் பற்றிக் கதை சொல்வோர் உண்டு. எட்டாம் கற்பனை பொய்ச்சாட்சியை விலக்குகிறது. விசாரியாமல் பொய்யைப் பரப்புவதும் அதற்கு விரோதமே.

ஆகையால் இத்தகைய செய்தி வீட்டுக்குள் வரும்போது, தாய் தகப்பன்மார் பிள்ளைகள் கேட்க மூன்று கேள்வி கேட்பார்களாக: இதைக் கண்ணால் கண்டவர் யார்? நான் பயந்தால் யாருக்கு லாபம்? அந்த மனிதனோடு நான் ஒரு வார்த்தையாவது பேசியிருக்கிறேனா? விடை கிடைக்குமட்டும் அச்செய்தி நம் வாசற்படியைத் தாண்டாதிருக்கட்டும்.