நன்மையின் சுமை யார் கையில்?

நல்லது செய்ய விரும்புகிறவர் அனைவரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: நான் தேர்ந்துகொண்ட நன்மையைச் சுமப்பவர் யார்? பெரிய காரியங்களில் இக்கேள்வி எளிதில் எழுகிறது. வீட்டின் சின்னஞ்சிறு செயல்களிலோ அது மறைந்துவிடுகிறது. பகற்பொழுதைக் காப்பகத்தில் கழிக்கும் குழந்தைக்குத் துணி கட்டி அனுப்புவதா, டயப்பர் அணிவிப்பதா என்பது அத்தகையதொரு சிறு செயல்.

துணியின் பக்கம் உள்ள நியாயங்கள் நாம் அறிந்தவையே. பழைய வேட்டியையும் நைந்த நூற்சேலையையும் கிழித்துக் கட்டிய துணியில் வளர்ந்தவர்கள் நம்மில் பலர். டயப்பரோ பிளாஸ்டிக்கும் மரக்கூழும் ஈரத்தை உறிஞ்சும் வேதிப்பொருளும் சேர்ந்த பண்டம். சில மணி நேரப் பயனுக்குப்பின் எறியப்படும் அதன் பிளாஸ்டிக், தலைமுறைகள் கடந்தும் மக்காது கிடக்கிறது. சென்னையின் குப்பை பல்லாண்டுகளாகக் கொட்டப்பட்ட பெருங்குடி, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டியது. பறவைகளின் புகலிடமான அந்நிலம் 2022 ஆம் ஆண்டில் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. நாம் எறிபவை எங்கே போய்ச் சேருகின்றன என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

எனினும், துணி என்ற அளவிலேயே அது நன்மையாகிவிடாது. பிரித்தானியச் சுற்றுச்சூழல் முகமை 2008 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, துணியால் வரும் பயன் அதைத் துவைக்கும் முறையைப் பொறுத்தது என்று காட்டியது. பல துணிகளைச் சேர்த்துத் துவைத்து, வெளியில் காயவைத்து, அடுத்த குழந்தைக்கும் பயன்படுத்தினால் கேடு குறையும். மின் உலர்த்தியில் இட்டால் கூடும். வெயிலுக்குப் பஞ்சமில்லாத நம் நாட்டில் இது நமக்குச் சாதகமே. ஆனால் இத்தகைய ஆய்வுகள் மின்சாரத்தையும் நீரையும் அளப்பவை. துவைக்கும் கைகளின் உழைப்பை அளப்பவை அல்ல.

அக்கைகள் யாருடையவை? பழங்காலத்தைப் போற்றிப் பேசும்போது நாம் மறந்துவிடும் செய்தி இது. துணிகளை அலசியவர் பெரும்பாலும் தாய், பாட்டி, அல்லது குறைந்த கூலிக்கு வந்த வேலைக்காரப் பெண். பிள்ளைப்பேற்றின் குருதி தோய்ந்த துணிகளை வெளுக்கும் வேலையோ பல ஊர்களில் வண்ணார் குலத்துப் பெண்கள்மீது பிறப்பின் பெயரால் சுமத்தப்பட்டிருந்தது. ஒரு வீட்டைத் தூய்மையாக்கிய உழைப்பே மற்றொரு வீட்டாருக்கு இழிவாக வாய்த்தது.

இன்று அந்த இடத்தில் காப்பகத்து ஆயா நிற்கிறார். துணி நனைந்தவுடன் மாற்ற வேண்டும். மலத்தைக் கழிப்பறையில் தட்டி, துணியைத் தனியே மூடி வைக்க வேண்டும். விரிப்பைத் துடைத்து, கையைச் சோப்பிட்டுக் கழுவிய பின்னரே அடுத்த குழந்தையைத் தூக்கலாம். அதற்குள் மற்றக் குழந்தைகள் அழுதுகொண்டிருக்கும். “என் பிள்ளைக்குத் துணிதான் கட்ட வேண்டும்” என்று பெற்றோர் சொல்லிச் செல்லும் ஒரு வாக்கியம், அவருக்கு ஒரு பகல் முழுவதற்குமான வேலையாகிறது. அவருடைய சம்பளமோ ஒரு காசும் கூடுவதில்லை.

அப்படியாயின் டயப்பரே மேல் என்று கொள்ளலாமா? அதற்கும் ஒரு கை தேவைப்படுகிறது. பயன்படுத்திய டயப்பரைப் பாதுகாப்பாகச் சுற்றித் தனியே தர வேண்டும் என்று 2016 ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் கூறின. அவ்வாறு செய்யாமல் எல்லாவற்றோடும் கலந்து எறிந்தால், தூய்மைப் பணியாளர் தம் கையாலேயே அதைப் பிரிக்க நேரிடுகிறது. ஆகவே எதைத் தேர்ந்தாலும் பிறர் உழைப்பிலிருந்து நாம் விடுபடுவதில்லை. அவ்வுழைப்பை நாம் காண்கிறோமா, நம்மால் இயன்ற பங்கை ஏற்கிறோமா என்பதே அறத்தின் கேள்வி.

துணியே வேண்டும் என்று எண்ணும் பெற்றோர், முடிவெடுக்குமுன் ஆயாவிடம் பேசட்டும். நிர்வாகியிடம் சொல்லிவிட்டால் போதும் என்று இருந்துவிட வேண்டாம். ஒரு நாளுக்குப் போதுமான துணிகளையும், எளிதில் மாட்டக்கூடிய மேலுறைகளையும், ஈரம் கசியாத பையையும் கொடுத்தனுப்பட்டும். அழுக்குத் துணி துவைக்கப்படாமலே வீடு திரும்பட்டும். மாலையில் அதை அலசும் வேலை, அலுவலகத்திலும் அடுக்களையிலும் உழைத்துக் களைத்த தாயின் தலையிலேயே மீண்டும் விழுந்துவிடலாகாது. தந்தையின் கையும் அந்த வாளிக்குள் இறங்க வேண்டும். பூமியைக் காக்க விரும்பும் கணவன், அதற்கான வேலை முழுவதையும் மனைவியிடம் ஒப்படைப்பது என்ன நீதி? ஆயாவுக்குக் கூடுதல் வேலை வருமாயின், கூடுதல் ஊதியமும் பேசி முடிக்கப்பட வேண்டும்.

இத்தனைக்குப் பின்னும், “என்னால் இயலாதம்மா” என்று அவர் சொல்லக்கூடும். அதைச் சோம்பல் என்று கருதாமல், அவருடைய நாளின் அளவு அது என்று ஏற்றுக்கொள்வோம். காப்பகத்தில் டயப்பரும், மாலையிலும் விடுமுறை நாளிலும் வீட்டில் துணியுமாக வைத்துக்கொள்வதில் குறைவேதுமில்லை. எறியும் டயப்பரைத் தாளில் சுற்றித் தனியே கொடுத்தால் போதும். பிறர் தலையில் ஏற்றி முழுமையாக்கிக்கொண்ட நன்மையைவிட, நாமே சுமக்கும் பாதி நன்மை நேர்மையானது.

நம் குழந்தையின் மலம் நமக்கு அருவருப்பாவதில்லை. அன்பு அதை மறக்கச் செய்கிறது. அந்த அன்பு இல்லாமலே, கூலிக்காக மட்டுமே அதைத் தொட வேண்டியவர் ஒருவர் இருக்கிறார். அவருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம் என்பதை, துணியானாலும் டயப்பரானாலும், நினைவில் வைத்துக்கொள்வோம்.