படலைச் சாத்தினேனா?

என் கைப்பேசியில் ஒரு புகைப்படம் இருக்கிறது. மேட்டில் நின்று கீழே பார்த்து எடுத்தது. நடுவில் படிப்படியாக இறங்கும் பூண்டுத் தோட்டம், அதன் பின்னால் மலை, மலைக்கும் பின்னால் மஞ்சு. பார்த்தவர்கள் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். நான் பார்ப்பது வேறு இடத்தை. கீழே, இடது மூலையில், இரண்டு கம்பங்கள். அவற்றின் நடுவே ஏதோ கருப்பாகத் தெரிகிறது. விரல்களால் இழுத்துப் பெரிதாக்கினால் கருப்பு சதுரம் சதுரமாக உடைந்துபோகிறது. அதற்குள் நீலமாக ஒரு புள்ளி. அது முடிச்சுப் போட்ட சேலைக் கிழிசலா, அவிழ்ந்து தொங்குகிற கிழிசலா? நாலு மாதமாகப் பார்க்கிறேன், பிடிபடவில்லை.

கொடைக்கானலுக்கு நாங்கள் நான்கு பேர் போயிருந்தோம். சனிக்கிழமை. ஏரியைச் சுற்றி சைக்கிள், குதிரை, சுட்ட சோளம், படகுக்கு வரிசை. அரைச் சுற்று வருவதற்குள் அலுத்துவிட்டது. கூட்டமில்லாத இடம் வேண்டும் என்று ஒருவர் சொன்னார். கூட்டத்தில் நாங்கள் நான்கு பேரும் சேர்த்தி என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை. மறுநாள் காலையில் பூம்பாறைப் பக்கம் வண்டியை விட்டோம்.

ஊருக்கு அப்பால் ஒரு டீக்கடை. அங்கே உட்கார்ந்திருந்த பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். அவர் தோட்டத்தைத் தாண்டிப் போனால் ஓடை விழுகிற இடம் ஒன்று இருப்பதாகச் சொன்னார். “போய்ப் பாருங்க தம்பி, நல்லாருக்கும்” என்று அவரே எழுந்து வழி காட்டினார். தோட்டத்து வாசலில் படல். வாட்டில் மரக் கொம்புகளைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்து, முள்ளைச் செருகி, பழைய நீலச் சேலையைக் கிழித்துக் கட்டியது. அதைத் தூக்கி நகர்த்திவிட்டு அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: “திரும்பி வர்றப்ப படலச் சாத்திக் கட்டிட்டு வாங்க. மாடு உள்ள வந்துரும்.”

“சரிங்கய்யா” என்றேன்.

ஓடை எனக்கு முழுதாக நினைவிருக்கிறது. தண்ணீர் விழுந்த பாறையின் வழுவழுப்பு, கணுக்கால் விறைத்துப்போன குளிர், நண்பர் ஒருவர் செருப்பை ஓடையில் விட்டுவிட்டுத் துரத்தியது. வரும்போது மழை தூறியதும், மேடேறி நின்று இந்தப் படத்தை எடுத்ததும் நினைவிருக்கிறது. இரண்டுக்கும் நடுவில், நான்தான் கடைசியாக வந்தேன் என்பதும் நினைவிருக்கிறது. படலைச் சாத்தினேனா என்பது மட்டும் இல்லை.

என் அப்பத்தாவின் வீடு நிலக்கோட்டைப் பக்கம். வீட்டுக் கொல்லைக்கு இப்படி ஒரு படல்தான். கோடை விடுமுறையில் இருட்டிய பிறகு அதைச் சாத்துவது என் வேலை. சாப்பிட்டுப் படுத்ததும் இருட்டுக்குள்ளிருந்து அப்பத்தா கேட்கும்: “படலச் சாத்துனியாடா?” நான் ஒவ்வொரு நாளும் “சாத்திட்டேன்” என்பேன். சாத்திய நாளிலும் அதே பதில், சாத்தாத நாளிலும் அதே பதில். பொய் சொல்வதாகக்கூட நினைத்ததில்லை. கேள்வி வந்தால் அந்தப் பதில் வந்துவிடும், அவ்வளவுதான். அப்பத்தா ஒன்றும் சொல்லாது. கொஞ்ச நேரம் கழித்து அரிக்கேன் விளக்கின் வெளிச்சம் சுவரில் நகரும். கொல்லைக் கதவு கிரீச்சிடும். போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் படுக்கும். என்னை நம்பவில்லையே என்று அப்போது கோபம் வரும். நம்பாததனால்தான் போனதா என்பது இப்போது சந்தேகமாக இருக்கிறது. நம்பாதவர் ஏன் தினமும் என்னிடம் கேட்க வேண்டும்?

கொடைக்கானலைப் பற்றி எதைப் படித்தாலும் ‘கண்டுபிடித்தார்கள்’ என்ற சொல் எங்காவது வந்துவிடுகிறது. 1821-இல் வார்டு என்ற ஆங்கிலேய அதிகாரி நில அளவைக்காக ஏறினார். 1845-இல் மதுரையின் காய்ச்சலுக்குத் தப்பி அமெரிக்கப் பாதிரிமார்கள் வந்து வீடு கட்டினார்கள். 1863-இல் மதுரைக் கலெக்டர் லெவிஞ்ச் ஓடையை மறித்துக் கரை போட்டார். இன்று நாம் இயற்கை என்று படமெடுக்கிற நட்சத்திர ஏரி, சுமார் 60 ஏக்கர், அப்படி வந்ததுதான். வார்டு ஏறிய காலத்தில் பூம்பாறையில் குழந்தை வேலப்பருக்கு விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. அருணகிரிநாதர் வந்து பாடிய தலம் அது என்று ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். காடுகளில் பளியர்கள் அதற்கும் முன்பிருந்தே இருக்கிறார்கள். கண்டுபிடித்தவர்கள் பட்டியலில் இவர்கள் யாரும் இல்லை. அங்கேயே இருப்பவர்களுக்கு அந்தப் பட்டியலில் வேலை இல்லை போலிருக்கிறது.

நம் காலத்தில் பாதிரிமார்களின் வேலையைச் சினிமா செய்கிறது. ‘டெவில்ஸ் கிச்சன்’ என்று இருந்த பாறைப் பிளவுக்கு 1991-இல் ‘குணா’ வந்ததும் பெயரே மாறிவிட்டது. 2024-இல் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ வந்தபோது மறுபடி கூட்டம் அலைமோதியது. அதே வருடம் மே 7 முதல், உயர் நீதிமன்ற உத்தரவுப்படி, இ-பாஸ் இல்லாமல் வெளியூர் வண்டி கொடைக்கானலுக்குள் போக முடியாது. ஒரு மலை முழுவதற்கும் படல் போட வேண்டியதாகிவிட்டது.

ஆங்கிலக் கவி வேர்ட்ஸ்வொர்த்தைப் பற்றிக் கல்லூரி நாளில் படித்தது இப்போது அடிக்கடி நினைவுக்கு வருகிறது. இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்துக்காரர். 1810-இல் தன் ஊர் ஏரிகளைப் பற்றி ஒரு வழிகாட்டி எழுதினார். முதலில் வேறொருவரின் படத்தொகுப்புக்கு முன்னுரையாக, தன் பெயர்கூடப் போடாமல். அது தனிப் புத்தகமாகிப் பல பதிப்புகள் போயிற்று. இந்தப் புத்தகத்தைத் தவிர வேறு ஏதாவது எழுதியிருக்கிறீர்களா என்று ஒரு பாதிரியார் அவரிடமே கேட்டதாக ஒரு கதை உண்டு. 1844-இல் விண்டர்மியருக்கு ரயில் வரப்போகிறது என்றதும் அதே மனிதர் கவிதை எழுதி, பத்திரிகைக்குக் கடிதம் எழுதி எதிர்த்தார். ரயில் 1847-இல் வந்துவிட்டது. படித்தபோது சிரித்தேன். ஊரையெல்லாம் விருந்துக்கு அழைத்துவிட்டு இலை போதவில்லை என்று கோபப்படுகிறாரே என்று.

இப்போது சிரிக்க முடியவில்லை. மலையிலிருந்து இறங்கிய மறுவாரம் அலுவலக நண்பர் ஒருவர் இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு “லொகேஷன் அனுப்புங்க” என்றார். ஒரு நிமிடத்தில் அனுப்பிவிட்டேன். பெரியவரிடம் கேட்கவில்லை, கேட்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை. நண்பர் குடும்பத்தோடு போய்வந்து நன்றி சொன்னார். வழியில் படல் எப்படி இருந்தது, சாத்தியிருந்ததா என்று கேட்டேன்.

“எந்தப் படல்?” என்றார்.

அவர் கண்ணில் படவில்லையா, அங்கே படலே இல்லையா? இரண்டுக்கும் ஒரே பதில்தான் வரும். மேற்கொண்டு கேட்கக் கூச்சமாக இருந்தது.

பெரியவர் ‘மாடு’ என்றதை நான் பசுமாடு என்றே எடுத்துக்கொண்டிருந்தேன். அங்கே அந்தச் சொல்லுக்குக் காட்டுமாடு என்றும் பொருள் உண்டு என்பது பிறகுதான் உறைத்தது. கொடைக்கானல் தெருக்களில்கூட இரவில் நின்றுகொண்டிருக்கும், வளர்ந்த கடா ஒரு டன் எடைக்கு வரும். பூண்டு வயலில் இறங்கினால் என்ன மிஞ்சும்? சாதாரணப் பூண்டும் அல்ல அது. 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய மலைப்பூண்டு.

அந்த எண்ணம் வந்த இரவிலேயே இன்னொரு எண்ணமும் ஆறுதலாக வந்தது. ஒரு டன் மாட்டை நாலு கொம்பும் முள்ளும் சேலைக் கிழிசலுமா தடுக்கும்? முட்டினால் படலோடு போய்விடும். ஆகவே நான் சாத்தினாலும் ஒன்றுதான், சாத்தாவிட்டாலும் ஒன்றுதான். இந்த நியாயத்தோடு இரண்டு நாள் நிம்மதியாக இருந்தேன். மூன்றாம் நாள் அப்பத்தா வீட்டுப் படல் நினைவுக்கு வந்தது. ஒரு சின்னப் பையன் தூக்கி நகர்த்துகிற படல்தான் அது. திருடனுக்கு அது ஒரு பொருட்டா? அப்பத்தாவுக்கும் தெரிந்திருக்கும். தெரிந்தும் தினமும் விளக்கை எடுத்துக்கொண்டு போனது. எதற்காக என்று கேட்காமலே விட்டுவிட்டேன்.

சரி, யாரும் எங்கும் போகாமலிருப்பதுதான் வழியா? டீக்கடையில் அந்தக் கேள்வியையும் நான் வேறு விதமாகக் கேட்டேன். “எங்களை மாதிரி ஆளுங்க வர்றது உங்களுக்குத் தொந்தரவா இல்லையாங்கய்யா?” பெரியவர் சிரித்தார். “வராட்டி இந்தக் கடையில டீயக் குடிக்கிறது யாரு தம்பி? எம்மருமக கடைதான் இது.” இரண்டு கிலோ பூண்டும் என் தலையில் கட்டினார். அவருக்கு நாங்கள் வருவதில் வருத்தமே இல்லை. வருகிறவன் செய்ய வேண்டியது என்று ஒரே ஒரு வேலையைச் சொன்னார். அதைச் செய்தேனா என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

அந்த ஓடையின் பெயரை இங்கே எழுதாமல் விட்டிருக்கிறேன். இதைப் பெரிய ஒழுக்கம் என்று யாரும் எண்ண வேண்டாம். லொகேஷனை அனுப்பிய பிறகு வந்த ஒழுக்கம் இது.

போய்ப் பார்த்துவிட்டு வரலாம். மதுரையிலிருந்து 130 கிலோமீட்டருக்கு மேல். அப்பத்தாவுக்குப் பத்தடி. இ-பாஸ் வாங்கி, மலையேறி, அந்தக் கம்பங்களுக்கு முன்னால் நின்று பார்த்தால் தெரிந்துவிடும் என்று சில நாள் தோன்றுகிறது. நாலு மாதத்தில் எத்தனை பேர் திறந்து எத்தனை பேர் சாத்தினார்களோ, என் கை பட்டது எது என்று அங்கே எப்படித் தெரியும் என்று சில நாள் தோன்றுகிறது. அதோடு எனக்கு என்னைத் தெரியும். அவ்வளவு தூரம் போன பிறகு ஓடையை ஒரு தடவை பார்த்துவிட்டு வரலாம் என்று மனம் சொல்லும். அதற்குப் படலைத் திறக்க வேண்டும். திரும்பி வரும்போது மழை தூறினால், மேட்டில் வெளிச்சம் நன்றாக இருந்தால், என்ன செய்வேன் என்று சொல்லத் தெரியவில்லை.