ஊட்டுவதோடு கருணை முடியுமா?

அகத்திய மலைத்தொடரில் பிறந்து நெய்யாற்றின்கரை வழியே ஓடிப் பூவாறு அருகே கடலோடு கலக்கும் நெய்யாறு, தன்பால் வாழும் மீன்களுக்கு இரையும் தருகிறது. அவற்றின் கழிவையும் கொண்டு செல்கிறது. கண்ணாடித் தொட்டிக்கு இவ்விரண்டும் இல்லை. ஆதலின், ஓர் உயிரைத் தொட்டியில் அடைத்தவன் அதற்கு ஆறாகவும் இருத்தல் வேண்டும்.

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைப்புறச் சிற்றூர்களிலும் வண்ணமீன் தொட்டி இன்று புதுமையன்று. அலங்கார மீன் வாணிகத்தின் வழியே ஆக்சலாட்டல் என்னும் பிராணியும் நம் நாட்டுக்கு வந்துள்ளது. இது மீனன்று, தவளையைப் போல் இருவாழ்வி இனத்தது. மெக்சிகோ நாட்டுச் சோச்சிமில்கோ நீர்நிலைகளே இதன் தாயகம். அங்கு இவ்வினம் அழிவின் விளிம்பில் நிற்கிறது. முதிர்ந்த பின்னும் இதன் செவுள்கள் இறகுபோல் தலைக்கு வெளியே நிற்கும்.

இதற்கு மண்புழுவை இட்டு, அது விழுங்குவதைக் கண்டு மகிழாதார் யார்? ஆனால் அன்பர்களே, அம்மகிழ்ச்சி யாருடையது? ஊட்டும் இன்பம் நமக்கு. எஞ்சிய இரை அழுகுவதால் வரும் துன்பம் அதற்கு. அழுகும் இரையிலிருந்தும் பிராணியின் கழிவிலிருந்தும் அம்மோனியா என்னும் நஞ்சு பிறக்கிறது. நீர் பளிங்குபோல் தெளிந்திருந்தாலும், அந்நஞ்சு மென்மையான செவுள்களைப் புண்படுத்தும். வாயில்லா உயிர் முறையிடுவதில்லை. முறையீடு எழவில்லை என்பதால் குற்றம் இல்லையென்று ஆகுமா?

செய்யத்தக்கது எளிதே. தின்னும் அளவே இடுக. மிச்சத்தை அன்றே குழாயால் உறிஞ்சி அகற்றுக. வாரந்தோறும் நீரில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை மாற்றுக. புதுநீரில் குளோரின் இருத்தலாகாது. அகற்றிய நீர் வாழைக்கும் தென்னைக்கும் உரமாகும்.

தூய்மையிலும் அளவு வேண்டும். தொட்டி முழுவதையும் ஒருங்கே கழுவித் துடைத்தால், அம்மோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும் பின்னர்த் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் மாளும். அசட்டையும் கேடு, மிகையும் கேடு.

இன்னுமொரு கேள்வி எஞ்சுகிறது. ஆக்சலாட்டலுக்கு ஏற்றது 16 முதல் 18 பாகை செல்சியஸ் குளிர்ச்சியுள்ள நீர். நம் கோடையிலோ வெப்பம் 30 பாகையைக் கடக்கிறது. நீரைக் குளிர்விக்கும் வசதியில்லாதவர் இதனை வாங்காதிருப்பதே முதற் கருணை. வாங்கியபின் சலித்து ஆற்றில் விடுதலும் விடுதலையன்று; அது அவ்வுயிருக்கும் ஆற்றுயிர்களுக்கும் இழைக்கும் தீமையே.

கொல்லாமை என்பது கத்தியை எடுக்காதிருத்தல் மட்டுமன்று. நம்மையே நம்பி வாழுமாறு நாம் செய்துவிட்ட உயிரின் அழுக்கை, யாரும் காணாத வேளையிலும், நாள்தோறும் அகற்றுவதும் அதன்பாற்படும்.