நோயுற்ற கோழியும் நமது இரக்கமும்

எங்கள் வளவில் எப்போதும் ஏழெட்டு ஊர்க்கோழிகள் மேயும். அவை மாமியின் உடைமை. முட்டை விற்ற காசு அவருடைய தலையணைக்குக் கீழே இருக்கும். அதைப் பற்றி வீட்டில் யாரும் கேட்பதில்லை. அவற்றுள் ஒரு செம்பேடு மூன்று தடவை அடைகாத்துக் குஞ்சு பொரித்தது. சில வருடங்களுக்கு முன், மாரி முடிந்த கையோடு, அது இரை தின்னாமல் சிறகைத் தொங்கவிட்டு வேலியோரம் ஒதுங்கி நின்றது. எச்சம் பச்சைத் தண்ணீராகப் போனது.

அன்று காலை மூன்று அபிப்பிராயங்கள் எழுந்தன. "மௌத்தாகிறதுக்கு முந்தி அறுத்துருங்க மருமகன், வீணாப் போகப் போகுது" என்றார் மாமி. வீதியால் வந்த கோழி வியாபாரி பாதி விலைக்குக் கேட்டார். எட்டாம் வகுப்பில் படித்துக் கொண்டிருந்த என் மகளோ, "மருந்து குடுங்க வாப்பா" என்று அழுதாள்.

வியாபாரியின் யோசனையைத் தள்ளிவிடுவதில் சிரமம் இருக்கவில்லை. குறையை மறைத்து விற்பது மோசடி என்பதைச் சின்னப் பிள்ளையும் அறியும். சிரமம் மற்ற இரண்டிலும்தான். நான் மகளின் பக்கம் சாய்ந்தேன். அதுவே இரக்கம் என்று எண்ணினேன்.

காட்போட் பெட்டியில் பழைய சாரனை விரித்து, குசினியின் சூடான மூலையில் கோழியை வைத்தோம். சீனியும் உப்பும் கரைத்த தண்ணீரைச் சொண்டோரம் துளித்துளியாக விட்டோம். மஞ்சளும் சின்ன வெங்காயமும் அரைத்து உருட்டிக் கொடுத்தோம். இரண்டாம் நாள், வீட்டில் மிச்சமிருந்த அன்ரிபயற்றிக் கப்சியூல் ஒன்றைப் பிரித்துத் தூளில் கால்வாசியைப் புகட்டினேன். படித்தவன் அல்லவா, ஏதாவது செய்ய வேண்டும் என்ற அவதி. மூன்றாம் நாள் கழுத்து ஒரு பக்கமாக முறுக்கிக் கொண்டது. கால்கள் இழுத்துக் கொண்டன. மாமி மீண்டும், "இன்னும் என்னத்தப் பாக்கிறீங்க?" என்றார். இன்னும் ஒரு நாள் பார்ப்போம் என்றேன். சுபஹுக்கு எழும்பியபோது அது பெட்டிக்குள் விறைத்துக் கிடந்தது.

பின்னர் அறிகுறிகளைக் கேட்ட மிருக வைத்தியர், அது நியூகாசில் நோயாகத்தான் இருக்க வேண்டும் என்றார். 1920களில் ஜாவாத் தீவிலும் இங்கிலாந்தின் நியூகாசில் நகரிலும் இனங்காணப்பட்ட வைரஸ் நோய் அது. அதற்கு மருந்து கிடையாது. சுகமாக இருக்கும் கோழிக்கு முன்கூட்டியே ஏற்றும் தடுப்பு மருந்து மட்டுமே உண்டு. அன்ரிபயற்றிக் பக்டீரியாவைக் கொல்லும், வைரஸை ஒன்றும் செய்யாது. அப்படியானால் நான் புகட்டிய தூள் யாருக்கான மருந்து? கோழியின் நோய்க்கு அது உதவவில்லை. என் மனக்குடைச்சலை இரண்டு நாள் ஆற்றியது. அத்தோடு மருந்து ஊறிய இறைச்சியை உண்ணவும் முடியாது. என் வைத்தியமே மாமி சொன்ன வழியையும் அடைத்துவிட்டது.

புகாரியில் பதிவான ஒரு சம்பவத்தை அதன் பிறகு அடிக்கடி நினைத்துக் கொள்வேன். கஃப் இப்னு மாலிக் அவர்களுடைய ஆடுகளை ஸல்உ மலையடியில் மேய்த்த அடிமைப் பெண்ணொருத்தி, ஓர் ஆடு சாகக் கிடப்பதைக் கண்டு, கல்லொன்றை உடைத்து அதன் கூரால் அறுத்தாள். விடயம் நபிகளாரிடம் போனது. அதை உண்ணலாம் என்றார்கள். இதைச் சட்டத்துக்கான ஆதாரமாகவே நாம் பெரும்பாலும் படிக்கிறோம். எனக்கு அந்தப் பெண்தான் முக்கியமாகப் படுகிறாள். கத்தி கூடக் கையில் இல்லாதவள், ஆட்டின் நிலையைச் சரியாகப் பார்த்தாள். பார்த்ததற்கேற்ப உடனே செய்தாள். கத்தியைக் கூராக்கி, பிராணிக்கு நோவைக் குறைத்து அறுக்கும்படி நமக்கு ஏவப்பட்டிருக்கிறது. அறுக்கும் கையிலும் இரக்கம் இருக்க முடியும் என்பதை மார்க்கம் ஏற்றிருக்கிறது. தாமதிக்கும் கையில் அது இல்லாமலும் போகலாம்.

ஆனால் மாமியின் பக்கமே முழு நியாயம் என்றும் சொல்ல மாட்டேன். குர்ஆன் ஹலாலோடு தய்யிபையும் சேர்த்தே சொல்கிறது. அறுத்தால் ஹலால் ஆகும். நோய்ப்பட்ட இறைச்சி நல்ல உணவாகிவிடுமா? மேலும் அப்படி அறுத்த கோழியின் இறகையும் குடலையும் வேலிக்கப்பால் எறிவது எங்கள் ஊர் வழக்கம். நோய் வீடு வீடாகப் போவதற்கு அது போதும். அறுத்து, உண்ணாமல், ஆழமாகப் புதைப்பதே அன்று செய்திருக்க வேண்டியது. வீண் விரயம் என்று மாமி கோபப்பட்டிருப்பார். மூன்று நாள் வேதனையும் ஒரு விரயந்தானே.

செம்பேட்டைப் புதைத்த அன்று மகள் கேட்டாள்: "சுகமாகியிருந்தா பெருநாளைக்கு அறுத்திருப்பீங்கதானே வாப்பா?" ஆம் என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. அறுத்துண்ணப் போகும் உயிருக்கு ஏன் வைத்தியம் என்பது அவளுடைய கேள்வி. அன்று எனக்குப் பதில் வரவில்லை. இப்போது இப்படி நினைக்கிறேன்: அதன் உயிரை எடுக்க நமக்கு அனுமதி உண்டு என்பதாலேயே அதுவரையான அதன் நாட்கள் நமது பொறுப்பில் இருக்கின்றன. பூனையொன்றைக் கட்டிவைத்துப் பட்டினி போட்ட பெண் தண்டனைக்குள்ளான கதையை மதரஸாவிலேயே படித்தோம். கூட்டுக்குள் அடைத்து வளர்க்கும் நமக்கும் அது பொருந்தும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். செம்பேட்டைக் குசினியில் வைத்துப் பார்த்த மூன்று நாளும் மற்றக் கோழிகளைத் திறந்தே விட்டிருந்தேன். அவை வேலி தாண்டி மேய்ந்தன. பத்து நாளைக்குள் எங்கள் கோழிகளில் இரண்டே மிஞ்சின. பக்கத்து வீட்டில், முட்டை விற்றுப் பிள்ளைகளுக்குக் கொப்பி வாங்கும் விதவைப் பெண்ணின் நான்கு கோழிகளும் செத்தன. ஓர் உயிரின் மீது கண்ணை வைத்திருந்த எனக்கு வேலிக்கப்பால் இருந்தவை தெரியவில்லை.

மிஞ்சிய பேடு குஞ்சு பொரித்தபோது, தடுப்பு மருந்தைக் கண்ணில் ஒவ்வொரு துளி விட்டு, வளர்ந்த பின் நான்கை அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். "அது அல்லாஹ்ட நாட்டம், நீங்க என்ன செய்யிற சேர்" என்றார். அவர் அப்படிச் சொல்லலாம். அந்த வார்த்தையைச் சொல்லி நான் ஒதுங்கிக்கொள்ள முடியாது.