கட்டடத்திற்குப் பாவம் உண்டா?

கீழவைப்பாரிலுள்ள என் உறவுப் பெண் ஒருத்திக்குச் சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியில் இடம் கிடைத்தது. அவளைச் சேர்க்கச் சென்ற தந்தையாருடன் நானும் சென்றிருந்தேன். கல்லூரிச் சாலையில், மரங்களின் நடுவே நிற்கும் டவுட்டன் மாளிகையைக் கண்டு மலைத்த அவர், "ஆலிம்சா, இது கும்பினிக்காரன் கட்டிய வீடாமே! ஏழைகளை உறிஞ்சிய காசில் எழுந்த சுவருக்குள் பிள்ளை படிப்பது தகுமா?" என்று வினவினார். அன்று நான் கூறிய விடை எனக்கே நிறைவளிக்கவில்லை. ஆகவே அவ்வினாவை வாசக அன்பர்கள் முன்னிலையில் மீண்டும் எடுத்துக்கொள்கிறேன்.

அம்மாளிகை 1798 வாக்கில் எழுந்தது. கோட்டைக்குள் நெருங்கி வாழ்ந்த ஆங்கிலேயர், தம் தாயகத்துப் பிரபுக்களின் நாட்டுப்புற மாளிகைகளை நினைவிற்கொண்டு, பரந்த தோப்புகளின் நடுவே அமைத்துக்கொண்ட தோட்ட வீடுகளுள் அதுவும் ஒன்று. அவ்வீடுகளின் வடிவம் அவர்களுடையது. பொருளும் உழைப்பும் நம்முடையவை. தேக்கு உத்தரங்களின் மீது செங்கற்களை நிறுத்தி அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்தால் பிணைத்த மெட்ராஸ் தளம். கிளிஞ்சலைச் சுட்டு நீற்றி, அரைத்து, பளிங்கென மெருகேற்றிய பூச்சு. சிப்பியோடு பிறந்து வளர்ந்த எங்கள் கரையாருக்கு அச்சுவர் அந்நியமன்று.

ஆயினும் அத்தகைய வீடுகள் எழுந்த செல்வம் எத்தகையது? கும்பினி உத்தியோகஸ்தருள் பலர் ஊதியத்தால் மட்டும் செல்வரானவரல்லர். ஆற்காட்டு நவாபு முகம்மது அலி வாலாஜாவுக்குப் பெருவட்டிக்குக் கடன் கொடுத்தனர். அதற்கு ஈடாக நாட்டின் நிலவரியைப் பெற்றனர். சுமையைத் தாங்கியவன் உழவன். 1785ல் எட்மண்ட் பர்க் இங்கிலாந்துப் பாராளுமன்றத்தில் இதனைக் கடுமையாகச் சாடினார். வட்டி வாங்கிய கை அவர்களுடையது. கடன் வாங்கிய கை நம்மவருடையது என்பதையும் மறைத்தல் நேர்மையாகாது.

அவ்வீடு பின்னர் படைத்தளபதி ஜான் டவுட்டனிடம் சென்று அவர் பெயரைப் பெற்றது. 1875ல் ஆங்கிலேயர் அரியணையிலிருந்து இறக்கிய பரோடா மன்னர் மல்ஹார் ராவ் கெய்க்வாட் அங்கே காவலில் வைக்கப்பட்டார். ஒரே கூரை ஒருவருக்கு மாளிகை, மற்றொருவருக்குச் சிறை! 1915ல் 41 மாணவியருடன் வேறோரிடத்தில் தொடங்கிய கல்லூரி, 1916ல் அவ்வீட்டை விலைக்கு வாங்கிக் குடியேறியது.

இனி மார்க்க நூலார் கூறுவதைக் காண்போம். அபகரித்த நிலத்தில் தொழலாமா என்று அவர்கள் ஆராய்ந்துள்ளனர். தொழுகை கூடாது என்பது ஹன்பலி மத்ஹபின் பிரபலமான கூற்று. ஷாஃபிஈகள் உள்ளிட்ட பெரும்பான்மையோர், தொழுகை கூடும், ஆயினும் அபகரித்த குற்றம் நீங்காது என்பர். நன்மைக்கு ஓர் ஏடு, குற்றத்திற்கு வேறோர் ஏடு. ஒன்றை எழுதி மற்றொன்றை அழித்துவிட இயலாது. மதீனாவில் பள்ளிவாசல் எழுந்த மனை ஸஹ்ல், ஸுஹைல் என்னும் இரு அனாதைச் சிறுவருக்குரியது. அவர்கள் இலவசமாகத் தர முன்வந்தபோதும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விலை கொடுத்தே பெற்றார்கள். இறையில்லத்திற்கே இத்துணைப் பேணுதல் என்றால், பிறவற்றிற்கு என் சொல்வது?

ஆனால் அநீதிக்கு ஆளானவர் யாரென்று இன்று கண்டறிய வழியில்லையெனில்? அத்தகைய பொருளைத் தர்மத்திலும் பொது நன்மையிலும் செலவிடுக என்பது இமாம் கஸ்ஸாலி (ரஹ்) காட்டும் வழி. கல்வியினும் பெரிய பொது நன்மை யாது? எனவே அவ்வீடு கல்விச்சாலையானது வெறும் இடமாற்றமன்று. உரியவருக்குத் திரும்பும் கடனின் ஒரு பகுதி. அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. யாருடைய உழைப்பில் அது எழுந்ததோ அவர்தம் வழியினருக்கு அதன் வாயில் திறந்திருத்தல் வேண்டும். செல்வர் பிள்ளைகளை மட்டும் ஏற்கும் பள்ளி, பெயர்ப்பலகை மாறிய மாளிகையேயாம்.

இவ்வாறு தீர்ப்புரைக்கும்போது என் நெஞ்சே என்னைத் தடுக்கிறது. நாங்கள் மட்டும் தூயவரா? எங்கள் கடலில் தலைமுறை தலைமுறையாகப் பவளப்பாறைகளை வெட்டியெடுத்தனர். கட்டடக் கல்லாயிற்று, சூளையில் வெந்து சுண்ணாம்பாயிற்று. 2001ல் பவளங்கள் சட்டப் பாதுகாப்புக்கு உட்பட்டன. அதற்குள் தூத்துக்குடிக் கடலின் விலாங்குச்சல்லித் தீவு நீருள் மூழ்கிவிட்டது. பாறை வெட்டியதே அதற்குத் தலையாய காரணம். அயலார் சுவரில் உழவனின் கண்ணீரைக் காணும் நாம், நம் சுவரில் ஒரு தீவு கரைந்திருப்பதைக் காண்பதில்லை. இன்று மீன் குறைந்ததென்று வருந்தும் வலைஞருக்கு அந்தக் கணக்கில் நாம் கடனாளிகள்.

கல்லுக்கும் சுண்ணாம்புக்கும் பாவமில்லை. கட்டியவனுக்குக் கணக்குண்டு, குடியிருப்பவனுக்குக் கடனுண்டு. அக்கடனை அறியாது வாழ்வதே பிழை. இதையே அத்தந்தையாருக்கு இப்போது கூறுவேன்: "பிள்ளை படிக்கட்டும். முத்துச்சிலாபத்தில் மூழ்கிய பாட்டனின் பேத்தி அப்படிகளில் ஏறட்டும். படித்து முடித்து, இன்னொருத்திக்கும் அவ்வாயிலைத் திறந்து வைக்கட்டும்."

வல்ல நாயன் நம் வீடுகளின் கணக்கை நாமே பார்த்துக்கொள்ளும் தெளிவை நமக்கு அருள்வானாக! ஆமீன்.