கடைமடைக்காரன்

'கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை' என்று வருஷா வருஷம் பேப்பரில் ஒரு செய்தி வரும். படித்துவிட்டு அடுத்த பக்கம் புரட்டிவிடுவோம். நமக்கு அது ஒரு வார்த்தை. கட்டுமாவடிப் பக்கத்து விவசாயிக்கோ அதுதான் விலாசம்!

கிழக்குக் கடற்கரைச் சாலையில் தஞ்சை மாவட்டம் முடிந்து, புதுக்கோட்டை மாவட்டம் தொடங்கும் இடத்தில் இருக்கிறது கட்டுமாவடி. ஒரு பக்கம் கடல், மீன் ஏலம். கொஞ்சம் உள்ளே போனால் நெல் வயல். அந்த வட்டாரத்துக்குக் காவிரித் தண்ணீர் வருகிறது என்றால் நம்புவீர்களா?

காவிரிதான் பூம்புகாரில் கடலில் கலந்துவிடுகிறதே? கலக்கட்டும். கல்லணையில் ஒரு கால்வாய் பிரிகிறது. 1934-ல் கட்டி முடித்த மேட்டூர் அணைத் திட்டத்தோடு சேர்த்து வெட்டிய கால்வாய். கரிகாலன் பெயர் சொல்லும் கல்லணைக்கு முன்னால் அது நேற்றுப் பிறந்த குழந்தை. அதனால்தான் தஞ்சாவூர்க்காரர்கள் இன்றும் அதைப் 'புது ஆறு' என்கிறார்கள். சுமார் 148 கிலோமீட்டர் ஓடி, மணமேல்குடி பக்கம் மும்பாலை ஏரியில் போய் முடிகிறது. வழியில் இரண்டேகால் லட்சம் ஏக்கருக்கு மேல் அதை நம்பி இருக்கிறது.

இப்போது யோசியுங்கள். தலைமடையில் இருப்பவன் தன் வயல் நிறைந்ததும் மதகை அடைக்க வேண்டும். இன்னும் ரெண்டு நாள் திறந்து வைத்தால் யார் கேட்கப் போகிறார்கள்? கடைசியில் காத்திருப்பவனை அவன் பார்த்ததில்லை, பார்க்கப் போவதுமில்லை. முகம் தெரியாத அந்த ஆளுக்கு இவன் ஏதாவது கடன்பட்டிருக்கிறானா?

'ஆமாம்' என்று பட்டென்று சொல்லிவிடுவீர்கள். இருங்கள், கேள்வி அவ்வளவு சுலபமில்லை.

2021 பிப்ரவரியில், சுமார் 2,640 கோடி ரூபாயில் இந்தக் கால்வாயைப் புதுப்பிக்க அடிக்கல் நாட்டினார்கள். கான்கிரீட் போட்டால் தண்ணீர் வீணாகக் கசியாது, கடைமடைக்குச் சீக்கிரம் போய்ச் சேரும். நல்லதுதானே? ஆனால், வழியில் இருக்கும் ஊர்க்காரர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். 'கரையில் போடுங்கள், தரையில் போடாதீர்கள். அந்தக் கசிவில்தான் எங்கள் கிணறும் போரும் ஊறுகிறது' என்பது அவர்கள் கட்சி. என்ஜினீயர் கணக்கில் வீண், அவர்கள் கணக்கில் குடிதண்ணீர்.

யார் சொல்வது நியாயம்? ரெண்டு பேருமே! கால்வாய்க்குக் கடைமடை மும்பாலை. கசிவுக்குக் கடைமடை, கரையிலிருந்து நாலு வயல் தள்ளியிருக்கும் ஒரு கிணறு. அதனால், எந்தத் திட்டமானாலும் 'எத்தனை பேருக்கு லாபம்?' என்பது ரெண்டாவது கேள்வி. 'இதில் கடைசி ஆள் யார், அவன் கதி என்ன?' என்பதுதான் முதல் கேள்வி. அதைக் கேட்காமல் போடுகிற கணக்கு கூட்டல் கழித்தலில் சரியாக வரும், தர்மத்தில் தப்பாகிவிடும்.

பழைய ஊரைப் பாதுகாப்பது என்றால் நமக்குக் கோபுரத்துக்கு வெள்ளையடிப்பதும், பெயர்ப்பலகை நடுவதும்தான் ஞாபகம் வருகிறது. தண்ணீர் நின்றுபோனால் ஊரில் பலகை மட்டும்தான் மிஞ்சும். 2018 நவம்பரில் கஜா புயல் அந்தப் பகுதித் தென்னைகளைச் சாய்த்துப் போட்டது. மறு வருஷமே, கட்டுமாவடிக்குப் பக்கத்தில் இருக்கும் பேராவூரணியில் உள்ளூர் இளைஞர்கள் கைக்காசு போட்டு, ஊர் ஊராக நிதி திரட்டி, பெரியகுளத்தைத் தூர்வாரினார்கள். வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வந்த குடிமராமத்து வழக்கத்தின் பேரப்பிள்ளைகள் அவர்கள். சரித்திரத்தைப் பாதுகாப்பது என்றால் அதுதான்!

'எனக்கும் கால்வாய்க்கும் என்ன சம்பந்தம்?' என்கிறீர்களா? அபார்ட்மென்ட்டில் மோட்டார் போட்டதும் முதலில் குளிப்பது யார், கடைசியில் காலி வாளியோடு நிற்பது யார்? பஸ்ஸில், ரேஷன் கடையில், வீட்டுச் சாப்பாட்டில்... நாம் எங்கோ ஓர் இடத்தில் தலைமடை, இன்னோர் இடத்தில் கடைமடை. வீட்டில் கடைசியாகச் சாப்பிட உட்காருவது யார், அவருக்கு ரசமாவது மிஞ்சியதா என்று இன்றைக்கு ராத்திரி பாருங்களேன்.